சக்கரத்தை விட்டு இறங்கிய பிறகு: மண்கல வகுப்பு பற்றிய வாசகர் கேள்விகள்

எங்கள் தெருமுனையில் இருக்கும் சிறிய மண்கல ஸ்டுடியோவைப் பற்றிச் சென்ற இதழில் அரைப்பக்கம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் ஏழுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் இந்தத் தொழிலில் பிறந்தவள் அல்லள். நாற்பத்தாறு வயதில் சேர்ந்து, ஒன்பது ஆண்டுகளாக வாரம் இருமுறை அங்கே போய்வருபவள். கடந்த சில ஆண்டுகளாகப் புதிதாக வருவோருக்குக் கைகொடுக்கிறேன். என் பதில்களின் எல்லை அவ்வளவே.

கேள்வி: எனக்கு வயது 58. வங்கிப் பணியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றவன். வீட்டருகே உள்ள ஸ்டுடியோவில் இரண்டு மணி நேரப் பயிலரங்கும் நடக்கிறது, எட்டு வார வகுப்பும் நடக்கிறது. வலது மணிக்கட்டில் கொஞ்சம் வலி உண்டு. எதில் சேரலாம்?
– வாசகர், நங்கநல்லூர்

பயிலரங்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நல்லது. விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகளை அழைத்துப் போகலாம். அங்கே உங்களைச் சக்கரத்தின் முன் உட்காரவைத்து, உங்கள் கைமேல் ஆசிரியர் தம் கையை வைத்துப் பத்து நிமிடத்தில் ஒரு கிண்ணத்தை எழுப்பி, படமும் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அந்தக் கிண்ணத்தின் அடியைச் சீவுவது, காயவைப்பது, முதல்முறை சுடுவது, கிளேஸ் என்னும் கண்ணாடிப் பூச்சைப் பூசுவது, மறுபடி சுடுவது எல்லாம் வேறொருவர் கையால் நடக்கும். சில வாரம் கழித்துப் பொட்டலம் மட்டும் உங்களுக்கு வரும். ஒரு கலத்தின் வேலையில் சக்கரத்தில் நடப்பது கால் பங்கு இருந்தால் அதிகம். மீதி முக்கால் பங்கையும் உங்களையே செய்யவிடும் இடம்தான் வகுப்பு என்ற சொல்லுக்குத் தகுதியானது என்பது என் கட்சி. ஆகவே எட்டு வாரத்தில் சேருங்கள்.

சேர்ந்தபின் முதல் இரண்டு மூன்று வாரம் உருப்படியாக எதுவும் எழாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். முதலில் மண்ணைப் பிசையச் சொல்வார்கள். சப்பாத்தி மாவுபோல் மடித்து அழுத்தாமல், உருட்டித் தள்ளி, காற்றும் கட்டியும் நீங்கி ஒரே பதமாகும்வரை பிசைய வேண்டும். பிறகு அரைக் கிலோ அளவுள்ள உருண்டையைச் சக்கரத்தின் நடுவே அறைந்து வைத்து, அதை ஆடாமல் நிறுத்தச் சொல்வார்கள். ஸ்டுடியோவில் இதைச் சென்டரிங் என்பார்கள். இடது முழங்கையைத் தொடையில் ஊன்றி, உள்ளங்கையின் அடிமேட்டை மண்ணோடு ஒட்டி வைத்திருக்கும்போது, நடுவுக்கு வராத மண் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை கையை முட்டித் தள்ளும். பதிலுக்கு அதைத் தள்ளத்தான் தோன்றும். தள்ளினால் அது இன்னும் ஆடும். கையை அசைக்காமல் வைத்திருந்தால், ஏதோ ஒரு நொடியில் முட்டல் நின்று, சக்கரம் சுழல்கிறதா நிற்கிறதா என்று கண்ணுக்கே தெரியாத அளவுக்கு உருண்டை அடங்கிவிடும். எனக்கு அந்த நொடி ஐந்தாவது வகுப்பில் வாய்த்தது. அடுத்த வகுப்பில் மறுபடி காணாமல் போனது.

மணிக்கட்டு வலியைச் சேரும்போதே ஆசிரியரிடம் சொல்லுங்கள். சென்டரிங் செய்யும் விசை மணிக்கட்டிலிருந்து வரக்கூடாது, ஊன்றிய முழங்கை வழியே உடம்பிலிருந்து வர வேண்டும். மண்ணும் சற்று இளக்கமாக இருக்க வேண்டும். வலி கூடினால் முதல் மாதம் சக்கரத்தையே தொடாமல், உருண்டையில் கட்டைவிரலை அழுத்திக் கிள்ளிக் கிள்ளிக் கிண்ணம் செய்வது, மண் திரிகளைச் சுருட்டி அடுக்குவது, தகடாகத் தட்டி மடித்து ஒட்டுவது ஆகிய கைவேலைகளில் தொடங்கலாம். சக்கரம் தோன்றுவதற்கு முன்னால் மனிதர்கள் கலம் செய்த முறைகள் இவைதாம், அதனால் இதைக் குழந்தைகள் பாடம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: என் மகள் ஆசையாகச் செய்த முதல் கிண்ணம் சூளையில் வெடித்துவிட்டது. மண்ணில் காற்றுக் குமிழி இருந்ததால்தான் என்று ஸ்டுடியோவில் சொன்னார்கள். அவள் பிசைந்தது சரியில்லையா?
– வாசகி, கோவை

குமிழியின்மேல் பழி போடுவது எல்லா ஸ்டுடியோக்களிலும் உள்ள வழக்கம். பெரும்பாலும் குற்றவாளி ஈரம்தான். வெளியே காய்ந்ததுபோல் தோன்றும் கிண்ணத்தின் தடித்த அடியில் நீர் மிச்சமிருக்கும். சூளையின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அந்த நீர் ஆவியாகி, இருந்த இடத்தைப்போல் 1,600 மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். வெளியேற வழியில்லாவிட்டால் சுவரை உடைத்துக்கொண்டு போகும். குமிழி இருந்தாலும் நன்றாகக் காய்ந்த மண்ணில் அது பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. ஆகவே உங்கள் மகளின் பிசைதலைக் குறை சொல்ல மாட்டேன். அடி தடிமனாக இருந்திருக்கும், அல்லது காய்வதற்குப் போதிய நாள் கொடுக்காமல் அவசரமாகச் சூளையில் ஏற்றியிருப்பார்கள். இரண்டாவது காரணம் என்றால் தவறு குழந்தையுடையது அன்று.

காய்ந்ததா என்று பார்க்க எங்களுக்குச் சொல்லித் தந்த முறை எளிது: கலத்தின் அடியைக் கன்னத்தில் ஒற்றிப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளிருந்து நீர் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தச் சில்லிப்பு இரண்டு வாரம் ஆனாலும் போகாது. சித்திரை வெயிலில் தொல்லை நேர்மாறானது: விளிம்பு ஒரே நாளில் காய்ந்து சுருங்கிவிடும், அடி ஈரமாகவே இருக்கும், இரண்டுக்கும் நடக்கும் இழுபறியில் அடிப்பாகம் ஆங்கில ‘எஸ்’ எழுத்துபோல் பிளந்துகொள்ளும். அதனால் கோடையில் விளிம்பைப் பிளாஸ்டிக் தாளால் மூடிவைக்கிறோம். சக்கரத்தில் இருக்கும்போதே அடித்தளத்தை நடுவிலிருந்து ஓரத்துக்கும் ஓரத்திலிருந்து நடுவுக்கும் விரலால் அழுத்தி இறுக்கினால் இந்தப் பிளவு வெகுவாகக் குறையும்.

இன்னும் சுடாத இந்தக் கலத்தைத்தான் திருக்குறள் பசுமட்கலம் என்கிறது. வஞ்சனையால் பொருள் சேர்த்துக் காப்பது பசுமட்கலத்தில் நீரை ஊற்றிவைப்பது போன்றது என்பது உவமை. ஸ்டுடியோவில் இதற்கு ‘கிரீன்வேர்’ என்று ஆங்கிலத்தில் சொல்கிறார்கள். அதே பசுமை ஈராயிரம் ஆண்டுக்கால அளவில் நம் சொல்லிலும் இருக்க, நான் பசுமட்கலம் என்றே சொல்லிவருகிறேன். முதலில் சிரித்தார்கள், இப்போது அலமாரியில் அந்தப் பெயரே ஒட்டியிருக்கிறது.

அடுத்த முறை எதுவும் விரிந்தால் விரிசலின் ஓரத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஓரம் கூர்மையாக, கிளேஸும் சேர்ந்து வெட்டுப்பட்டிருந்தால் சூளை ஆறும்போது விரிந்தது. ஓரம் மழுங்கி, கிளேஸ் உள்ளே வழிந்திருந்தால் அதற்கு முன்பே விரிந்திருக்கிறது. களிமண்ணில் உள்ள படிகக்கல், 573 டிகிரியை ஏறும்போதும் இறங்கும்போதும் திடீரென்று அளவு மாறும். அந்த இடத்தை மெதுவாகக் கடக்க வேண்டும். நான் ஒருமுறை ஆவல் தாங்காமல், ஆறுவதற்கு முன்பே மின்சூளையின் மூடியை நான்கு விரற்கடை தூக்கிவிட்டேன். உள்ளேயிருந்து கிண்ணென்று ஒரு ஒலி, பின்னர் இன்னொன்று. மொத்தம் மூன்று தட்டுகள் விரிந்துபோயின. அவற்றில் ஒன்றுகூட என்னுடையது அன்று.

கேள்வி: வகுப்பில் செய்த டம்ளரில் காபி குடிக்கலாமா? மைக்ரோவேவில் வைக்கலாமா? டவரா செட் செய்ய ஆசை.
– வாசகி, கும்பகோணம்

எந்த மண், எத்தனை டிகிரியில் சுட்டது என்பதைப் பொறுத்தது. ஆயிரம் டிகிரியை ஒட்டிச் சுட்ட செம்மண் கலத்தில் நுண்துளைகள் அப்படியே இருக்கும். நீர் அவற்றின் வழியே கசிந்து ஆவியாவதால்தான் பானைத்தண்ணீர் குளிர்கிறது. பானைக்கு வரமான அதே துளை காபி டம்ளருக்குச் சாபம், ஏனென்றால் பால் உள்ளே இறங்கி நாள்பட நாற்றமெடுக்கும். ஸ்டோன்வேர் என்னும் மண்ணை 1,200 டிகிரிக்கு மேல் சுடும்போது துளைகள் பெரும்பாலும் உருகி அடைபடும். அன்றாடப் புழக்கத்துக்கு அதுவே ஏற்றது. அதன்மேல் வரும் கிளேஸ், அடிப்படையில் மண்ணோடு ஒட்டிக்கொண்ட கண்ணாடி. ஈயம் கலந்த பழைய வகைக் கிளேஸுகள் உணவுக்கு ஆகா. “இது உணவுக்கு ஏற்றதா, எத்தனை டிகிரிக்கு உரியது” என்று ஸ்டுடியோவில் கேளுங்கள். கிளேஸ் வாளியின்மேல் எழுதி ஒட்டியிருந்தால் நம்பலாம். வீட்டில் ஒரு சோதனை செய்யலாம்: எலுமிச்சைத் துண்டை ஒரு இரவு உள்ளே வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். அந்த இடம் நிறம் மங்கியிருந்தால் அது பேனா வைக்கத்தான் உதவும். நிறம் மாறாததால் மட்டும் ஈயமே இல்லை என்று ஆகிவிடாது, ஆகவே கேள்வியைக் கேட்காமல் விடாதீர்கள். துளை அடைபட்ட, உலோகப் பூச்சில்லாத கலம் மைக்ரோவேவில் வைக்கத் தக்கது. அதில் காலியாக வைத்தாலே கைபொறுக்காத சூடாகும் கலம் நீரை உறிஞ்சியிருக்கிறது, அதை மறுபடி வைக்க வேண்டாம்.

டவரா செட் என்றதும் எனக்கு என் முதல் செட் நினைவுக்கு வருகிறது. மண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். நாங்கள் பயன்படுத்தும் மண் நீளவாக்கில் ஏறத்தாழ 12 சதவீதம் சுருங்குகிறது. பன்னிரண்டுதானே என்று நினைத்தேன். ஆனால் அகலம், ஆழம், உயரம் மூன்றிலும் அது நடப்பதால் கொள்ளளவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விடும். நான் எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளரை அளந்து அதே அளவில் வனைந்தேன். சூளையிலிருந்து வந்தது மருந்துக் குப்பி. டவராவை வேறொரு நாள் வேறொரு மண்ணில் செய்திருந்தேன், அது வேறு அளவில் சுருங்கியது, ஆகவே டம்ளர் அதனுள் குடுகுடுவென்று ஆடியது. இரண்டையும் ஒரே மண்ணில், ஒரே நாளில், ஒன்றின் அளவை மற்றதில் வைத்துப் பார்த்துச் செய்யுங்கள். டம்ளரின் விளிம்பு வெளியே மடிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆற்றும்போது காபி டம்ளரின் சுவரோடு வழிந்து கையில் ஒழுகும்.

கேள்வி: நான் இடக்கைப் பழக்கம் உள்ளவன். எனக்குத் தனிச் சக்கரம் வேண்டுமா?
– கல்லூரி மாணவர், வேலூர்

வேண்டாம். இங்கே சக்கரம் பொதுவாக இடஞ்சுழியாகச் சுற்றும். ஜப்பானில் மரபாக வலஞ்சுழி. இரு கைகளும் சமமாக உழைக்கும் வேலை என்பதால் இடக்கைக்காரர் பலர் மற்றவர்களைப் போலவே கற்றுக்கொள்கிறார்கள், சென்டரிங்கில் ஊன்றும் கை இடக்கை என்பதால் உங்களுக்கு ஒரு சிறு சலுகையும் உண்டு. முடியவே இல்லையென்றால் மின்சக்கரங்கள் பலவற்றில் திசை மாற்றும் பொத்தான் இருக்கிறது.

கேள்வி: வகுப்புக் கட்டணம் கட்டுவதற்குப் பதில் ஒரு சக்கரத்தையே வாங்கி மாடியில் போட்டுக்கொண்டால் என்ன?
– வாசகர், மதுரை

சக்கரம் வாங்கலாம், சூளைக்கு என்ன செய்வீர்கள்? கலங்களைப் பசுமட்கலமாகவே ஆட்டோவில் ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோக வேண்டும், நம் சாலைகளில் அவை எந்த நிலையில் போய்ச் சேரும் என்று சொல்ல வேண்டியதில்லை. களிமண் கலந்த தண்ணீரை வாஷ்பேசினில் கொட்டினால் அது குழாயின் வளைவில் படிந்து இறுகிவிடும். வாளியில் தெளியவைத்து, மேல்நீரை மட்டும் கொட்ட வேண்டும். முக்கியமானது தூசு. காய்ந்த களிமண் தூளில் நுண்ணிய சிலிக்கா இருக்கிறது, ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலைத் தழும்பாக்கும். நல்ல ஸ்டுடியோவில் தரையைத் துடைப்பத்தால் பெருக்க மாட்டார்கள், ஈரத்துணியால் துடைப்பார்கள். வகுப்பில் சேருமுன் ஸ்டுடியோவைப் பார்க்கப் போகிறவர்கள் சுவரில் மாட்டிய படங்களைப் பார்ப்பதைவிடத் தரையைப் பார்ப்பது மேல். அப்படியே, சூளை அங்கேயே இருக்கிறதா, அதை ஏற்றும்போதும் இறக்கும்போதும் மாணவர்களைக் கூட நிற்க விடுவார்களா, மண்ணுக்கும் இரண்டு முறை சுடுவதற்கும் கட்டணம் தனியா என்றும் கேட்டுவிடுங்கள். ஓராண்டு வகுப்புக்குப் போனபின்பும் சக்கரம் வாங்கும் ஆசை இருந்தால் மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: என் அப்பா மானாமதுரைப் பக்கம் பானை வனைந்தவர். நகரத்தில் ஆயிரக்கணக்கில் பணம் கட்டி இதைக் கற்கிறார்கள் என்றதும் சிரித்தார். நீங்கள் கற்பதும் அவர் செய்ததும் ஒன்றுதானா?
– வாசகர், சிவகங்கை

அவர் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. மண்ணும் சக்கரமும் ஒன்று, வேலை வேறு. நாங்கள் கிண்ணத்தை அடியோடு சக்கரத்திலேயே முடிக்கிறோம். உங்கள் அப்பாவோ பானையைத் தடித்த சுவரோடு, அடி திறந்தபடியே சக்கரத்திலிருந்து அறுத்து எடுத்து, சற்று இறுகியபின் உள்ளே ஒரு கல்லைக் கொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை மூடி, சுவரை மெல்லியதாக்கியிருப்பார். எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் அது வராது. மானாமதுரைக் கடமும் அப்படித் தட்டியே உருவாகிறது. தட்டும் பக்குவத்தில்தான் அதன் நாதம் இருக்கிறது. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும்.

நகரத்து ஸ்டுடியோக்களின் வம்சாவளி வேறு. 1971-இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரு அமெரிக்கர்கள் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கி, அதிக வெப்பத்தில் சுடும் கிளேஸ் கலங்களைச் செய்யவும் கற்பிக்கவும் ஆரம்பித்தார்கள். அங்கே பயின்றவர்கள் பலர் பின்னர் சொந்தமாக ஸ்டுடியோ வைத்தார்கள். புதுச்சேரி, ஆரோவில் வட்டாரம் இந்தக் கலைக்குப் பெயர்பெற்றது அப்படித்தான். அதே புதுச்சேரியின் வில்லியனூரில் சுடுமண் சிற்பம் செய்த வி.கே. முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. இரண்டு மரபுகளும் சில மைல் தொலைவில் அருகருகே இருந்தும், ஒன்றன் மாணவர் மற்றொன்றின் வாசலை மிதிப்பது அரிதாகவே இருக்கிறது.

ஒரு தலைமுறைக்குப் பிறப்பால் சுமத்தப்பட்டு, வயிற்றுக்குப் போதாத கூலியைத் தந்த வேலைக்கு, இன்னொரு தலைமுறை கட்டணம் கட்டி வரிசையில் நிற்கிறது என்பது எனக்கு உறுத்தாமல் இல்லை. எங்கள் ஸ்டுடியோவில் மண் கலக்கும் பெரியவர், வழிவழியாகப் பானை வனையும் வேளார் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஒருமுறை நான் பாத்திரமும் மூடியும் பொருந்தாமல் தவித்தபோது, அவர் ஈர மூடியை வாங்கி, விளிம்பை ஒரு துண்டுத் துணியால் இரண்டு சுற்று வருடிக் கொடுத்தார், பொருந்திவிட்டது. அதுவரை அவர் சக்கரத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இப்போது மாதம் ஒருமுறை தட்டிப் பானை செய்யும் வகுப்பை அவரே நடத்துகிறார், ஆசிரியருக்குரிய ஊதியத்தோடு. உங்கள் அப்பாவுக்கு உடம்பு ஒத்துழைத்தால், அருகில் உள்ள ஏதேனும் ஸ்டுடியோவில் கேட்டுப் பாருங்கள். கூலிக்கு ஆள் என்று அழைத்தால் போக வேண்டாம். ஆசிரியர் என்று அழைத்தால் போகச் சொல்லுங்கள்.

கேள்வி: வகுப்பில் சேர்ந்து ஆறு மாதத்தில் வீட்டில் நாற்பது கிண்ணங்கள் சேர்ந்துவிட்டன. எல்லாம் சுமார்தான். மனைவி வைக்க இடமில்லை என்கிறார். என்ன செய்வது?
– வாசகர், திருச்சி

உங்கள் மனைவியின் கட்சியில் நான் இருக்கிறேன். செய்ததை எல்லாம் சுட வேண்டும் என்று யார் சொன்னார்கள்? சூளைக்குப் போகும்வரை அது மண்தான். தண்ணீரில் போட்டால் கரைந்து மறுபடி உருண்டையாகும். ஏறத்தாழ 600 டிகிரியைத் தாண்டிவிட்டால் களிமண்ணோடு வேதியியல்படி பிணைந்திருந்த நீரும் போய்விடும், பிறகு அது எந்த நாளும் மண்ணாகத் திரும்பாது. ஆதிச்சநல்லூரில் தோண்டியபோது தாழிகள் தாழிகளாகவே கிடைத்தது அதனால்தான். உங்கள் சுமார் கிண்ணங்களுக்கும் அதே ஆயுள் உண்டு.

வீட்டில் ஏற்கெனவே இருப்பவற்றைச் செடிக்கும், உப்புக்கும், உறவினருக்கும் கொடுத்துத் தீருங்கள். இனி செய்பவற்றில் ஐந்துக்கு ஒன்றைச் சூளைக்கு அனுப்பினால் போதும். மற்ற நான்கில் ஒன்றையாவது ஈரமாக இருக்கும்போதே கம்பியால் நெடுக்காக இரண்டாக அறுத்துப் பாருங்கள். சுவர் எங்கே தடித்தது, அடி எங்கே மெலிந்தது என்பதை எந்த ஆசிரியரும் சொல்ல முடியாத தெளிவோடு அந்த வெட்டுமுகம் காட்டும். மிச்சத்தை வாளியில் போடுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பாதி ஈரத்தில் போட்டால் நாள்கணக்கில் கரையாமல் அடம்பிடிக்கும். முழுக்கக் காய்ந்தபின் போட்டால், சிறு சிறு குமிழிகளை விட்டுக்கொண்டு, கண்ணெதிரே சில நிமிடங்களில் பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.